பழைய யூதக் குடியேற்றங்களின் டோக்கன் காசு: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

சின்னப் பித்தளை வட்டு. ஒரு பக்கம் எபிரேய எழுத்து, இன்னொரு பக்கம் ஓர் எண். அரசர் தலையும் இல்லை, நாட்டின் பெயரும் இல்லை. பாலஸ்தீனத்தின் ஆரம்பகால யூத விவசாயக் குடியேற்றங்களில் புழங்கிய தனியார் காசு என்று சொல்லி விற்கப்படுவதில் பெரும்பகுதி பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். அதில் பலதும் வேறு காலத்தைச் சேர்ந்தது, வேறு வேலைக்கு அடித்தது. ஒரு டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு அது யாருடையது, எந்தக் காலத்தது, அசலா என்று படிப்படியாகத் தெரிந்துகொள்வது எப்படி என்பதே இந்தக் கட்டுரை. வாங்குவதைப் பற்றிக் கடைசியில்தான் வருகிறது. படிக்கத் தெரியாமல் வாங்கக் கூடாது என்பதற்காகவே அந்த வரிசை.

முதலில் எபிரேயச் சொல் ஒன்று: அசிமோன். இன்றைய பேச்சில் அதற்கு டோக்கன் என்று பொருள். பழைய யூதச் சட்டநூலான மிஷ்னாவிலேயே, முத்திரை குத்தப்படாத காசு என்ற பொருளில் இந்தச் சொல் வருகிறது. கிரேக்கத்திலிருந்து வந்த சொல். பின்னாளில் இஸ்ரேலின் பொதுத் தொலைபேசிகளில் போட்ட, நடுவில் துளையுள்ள வட்டுக்கும் இதே பெயர். "பழைய இஸ்ரேல் டோக்கன்" என்று புதியவர்கள் கைக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் அந்தத் தொலைபேசி அசிமோன்தான். அது லட்சக்கணக்கில் புழங்கிய சாதாரணப் பொருள். குடியேற்றக் காசோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

ஏன் அடித்தார்கள்

இது புரியாமல் எந்த டோக்கனையும் அடையாளம் காண முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாலஸ்தீனம் உதுமானிய ஆட்சியில் இருந்தது. கணக்குப்படி 1 தங்க லிராவுக்கு 100 குருஷ், 1 குருஷுக்கு 40 பாரா. பெரிய வெள்ளிக் காசான மெஜிதியே 20 குருஷ் என்று அடிக்கப்பட்டது. 1880-க்குப் பிறகு அரசு அலுவலகங்கள் அதை 19 குருஷாகவே எடுத்துக்கொண்டன. கலப்பட வெள்ளிக் காசுகளின் மதிப்பையும் அரசு அதே சமயம் குறைத்தது. சந்தையில் நிலைமை இன்னும் சிக்கல். ஒரே லிராவுக்கு யாஃபாவில் ஒரு குருஷ் கணக்கு, ஜெருசலேமில் வேறு கணக்கு. போதாததற்குப் பிரெஞ்சு 20 ஃபிராங்க் தங்கக் காசும் ஆங்கிலத் தங்கப் பவுனும் கைமாறின.

பெரிய காசு இருந்தது, சில்லறை இல்லை. கூலியாளுக்கு ஒரு நாள் கூலியாகத் தங்கக் காசை உடைத்துக் கொடுக்க முடியாது. சில்லறை மாற்றப் போனால் காசு மாற்றுபவர் தள்ளுபடி பிடித்துக்கொள்வார். ஐரோப்பாவிலிருந்து பெருந்தொகையாகப் பணம் பெற்று, அதைச் சிறு சிறு தொகையாகப் பங்கிட வேண்டியிருந்த நிர்வாகங்களைத்தான் இந்தச் சில்லறைத் தட்டுப்பாடு அதிகம் அழுத்தியது.

அந்த நிர்வாகங்கள் எவை என்று பாருங்கள். யாஃபா அருகே 1870-இல் சார்லஸ் நெட்டர் நிறுவிய மிக்வே இஸ்ரேல் வேளாண் பள்ளி, பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு யூத அமைப்பின் கீழ் இயங்கியது. 1882-இல் கார்மேல் மலைத்தொடரின் தெற்கு முனையில், சம்மாரின் என்ற இடத்தில் ருமேனிய யூதர்கள் குடியேறினார்கள். அடுத்த ஆண்டே அதை பிரெஞ்சு வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த பாரன் எட்மண்ட் டி ரோத்ஸ்சைல்டு ஏற்றுக்கொண்டார். அவருடைய தந்தையின் நினைவாக ஊருக்கு சிக்ரோன் யாக்கோவ் என்று பெயர் வந்தது. குடியேறியவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை. அதைக் கொடுத்தவர்கள் பாரனின் எழுத்தர்கள். 1885-இல் அங்கே பித்தளை டோக்கன்கள் வந்தன. பள்ளியும் பாரனின் நிர்வாகமும் பிரெஞ்சில் கடிதப் போக்குவரத்து நடத்திய இடங்கள். அதனால் எபிரேயத்தோடு லத்தீன் எழுத்தும், சம்மாரின் என்ற பழைய ஊர்ப்பெயரும் ஒரு டோக்கனில் சேர்ந்து வந்தால் அது பொருத்தமே, சந்தேகத்துக்குரியதல்ல.

டோக்கனின் மதிப்பு அதன் உலோகத்தில் இல்லை. கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொள்வார், நிர்வாகத்தின் கடையில் மாவும் எண்ணெயும் தருவார்கள் என்ற நம்பிக்கையில்தான் இருந்தது. ஊர் எல்லையைத் தாண்டினால் அது வெறும் பித்தளை. கொடுத்தவருக்கு இது வசதி, வாங்கியவருக்கு இது ஒரு கட்டும்கூட. கூலியை எங்கே செலவழிப்பது என்பதைக் கூலி கொடுப்பவரே தீர்மானிக்கிறார். இதே காரணத்துக்காகத்தான் பிரிட்டன் 1831-லேயே காசாக அல்லாமல் பண்டமாகக் கூலி கொடுப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. பாரனின் ஊர்களில் எழுத்தர்கள்மீது குடியேறியவர்களுக்கு இருந்த கோபம் 1887-இல் ரிஷோன் லெசியோனில் கிளர்ச்சியாகவே வெடித்தது. டோக்கனை வெறும் அழகுப் பொருளாகப் பார்ப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தவறவிட்டு விடுகிறார்கள்.

நாணயம் அடிக்கும் உரிமை சுல்தானுடையது என்பதையும் மறக்க வேண்டாம். சுல்தானின் துக்ரா முத்திரை இருந்தால் அது அரசுக் காசு, டோக்கன் அல்ல. டோக்கனில் அதைப் பொறிக்க எந்தக் குடியேற்றமும் துணிந்திருக்காது.

படி 1: அலகைப் பாருங்கள்

காலத்தைச் சொல்லும் முதல் சாட்சி ஊர்ப்பெயர் அல்ல, பண அலகுதான். குருஷ், பாரா, ஃபிராங்க், பிஷ்லிக் (கலப்பட வெள்ளிக் காசு) என்றால் உதுமானிய காலமாக இருக்கலாம். மில் என்று இருந்தால் 1927-க்கு முன்னால் போகவே முடியாது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்றுதான் 1,000 மில் கொண்ட பாலஸ்தீனப் பவுன் புழக்கத்துக்கு வந்தது. புருத்தா என்றால் 1949-க்குப் பிறகு, அகோரா என்றால் 1960-க்குப் பிறகு; இரண்டும் இஸ்ரேலின் சில்லறை அலகுகள்.

ஏமாற்றும் அலகு குருஷ். பிரிட்டிஷ் ஆட்சிக்கு மாறிய பிறகும் மக்கள் 10 மில் காசை குருஷ் என்றே அழைத்தார்கள். ஆகவே குருஷ் என்ற சொல்லை மட்டும் வைத்து 1880-கள் என்று எழுதிவிடாதீர்கள். வெறும் 1, ½, ¼ என்று எண் மட்டும் இருந்தால் அலகு பற்றி எதுவும் முடிவு செய்யாமல், பார்த்ததை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

ஊரின் வகையும் உதவும். மோஷவா என்பது அவரவர் நிலத்தை அவரவரே உழுத முதற்காலக் குடியேற்றம்: 1878-இன் பெத்தா திக்வா, 1882-இன் ரிஷோன் லெசியோன், 1890-இன் ரெகோவோத் எல்லாம் அந்த வகை. எல்லாம் பொது என்ற கூட்டுப்பண்ணைகளில் முதலாவதான தெகானியா 1910-இல்தான் தொடங்கியது. இந்தக் கூட்டுப்பண்ணையைக் குறிக்கும் கிப்புத்ஸ் என்ற சொல் டோக்கனில் இருந்தால் அது பிரிட்டிஷ் காலத்தையோ அதற்குப் பிந்தியதையோ சேர்ந்தது. கிப்புத்ஸ் டோக்கன்களும் சேகரிக்கத் தக்கவைதான். ஆனால் அவற்றை முதற்காலக் குடியேற்றங்களின் விலைக்கு வாங்கக் கூடாது.

ஜெர்மன் எழுத்து மட்டும் இருந்தால் நில்லுங்கள். 1868 முதல் ஹைஃபா, யாஃபா, சரோனா, ஜெருசலேம் ஆகிய இடங்களில் டெம்ப்ளர் என்ற ஜெர்மன் கிறிஸ்தவக் குழுவினர் விவசாயக் குடியேற்றங்கள் அமைத்தார்கள். அவர்களுடைய கூட்டுறவுக் கடைகளும் டோக்கன் வெளியிட்டன. அக்கம்பக்க ஊர்கள், ஒரே சில்லறைத் தட்டுப்பாடு, ஆனால் வேறு மக்கள்.

படி 2: எபிரேய ஆண்டை வாசியுங்கள்

புதியவர்கள் பயப்படுவது இதற்குத்தான். அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு. வலமிருந்து இடமாக வாசித்துக் கூட்ட வேண்டும். கடைசி எழுத்துக்கு முன்னால் இரட்டைக் கோடு மாதிரி ஒரு குறி இருந்தால், அது சொல் அல்ல, எண் (அல்லது சுருக்கம்) என்று பொருள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். தாவ், ரேஷ், மேம், ஹே என்று நான்கு எழுத்து. தாவ் 400, ரேஷ் 200, மேம் 40, ஹே 5. கூட்டினால் 645. யூத ஆண்டில் 5000 எழுதப்படாமல் விடப்படும். ஆகவே இது 5645. வந்த எண்ணோடு 1240-ஐக் கூட்டுங்கள்: 645 + 1240 = 1885. யூதப் புத்தாண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால், அந்த ஆண்டின் முதல் சில மாதங்கள் 1884-இல் விழும். குறிப்பில் 1884/85 என்று எழுதுவதே சரி.

இந்த நான்கு எழுத்தில் தவறு நடப்பது எப்போதும் கடைசியில்தான். ஹே என்ற எழுத்து ஒரு வாசல் நிலை போல இருக்கும், ஆனால் இடதுகால் மேல்கட்டையைத் தொடாமல் சிறு இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளி இல்லாமல் ஒட்டியிருந்தால் அது ஹேத், மதிப்பு 8. தேய்ந்த டோக்கனில் அந்த இடைவெளியில் அழுக்கு அடைத்திருந்தால் 1885 என்பது 1888 ஆகிவிடும். ஒரு சிறு டார்ச்சைக் கிட்டத்தட்டத் தரையோடு தரையாகச் சாய்த்து, நான்கு பக்கமிருந்தும் ஒளி விட்டு, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். பெத் (2), காஃப் (20) இரண்டும் குழப்பும். பெத்தின் கீழ்க்கட்டை வலப்பக்கம் சற்றே வெளியே நீளும், காஃப் வளைந்து முடியும். தாலெத் (4), ரேஷ் (200) இரண்டும் அப்படியே. தாலெத்தின் முனை கூர், ரேஷின் முனை வளைவு.

ஒரு குறுக்குவழி: தாவ், ரேஷ் என்று தொடங்கினால் 1839-க்கும் 1939-க்கும் இடைப்பட்டது. தாவ், ஷின் என்று தொடங்கினால் 1939 இலையுதிர்காலத்துக்குப் பிந்தியது. விற்பவர் 1880-கள் என்று சொல்லும் டோக்கனில் ஷின் இருந்தால், அந்த இடத்திலேயே பேச்சு முடிந்தது.

ஒப்பிட உதுமானியக் காசையும் அருகில் வைத்திருப்பீர்கள். அதில் இருப்பது அரபு எண்கள். வட்டமாக இருப்பது 5, வெறும் புள்ளிதான் 0. பொறித்திருக்கும் ஆண்டு சுல்தான் பட்டத்துக்கு வந்த ஆண்டு. இரண்டாம் அப்துல் ஹமீதுக்கு அது 1293, அதாவது 1876. காசு அடித்த ஆண்டைக் காண, தனியாகச் சிறிதாகப் போட்டிருக்கும் ஆட்சியாண்டு எண்ணையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

படி 3: அளவும் எடையும்

0.01 கிராம் வரை காட்டும் தராசு, வெர்னியர் காலிப்பர், காந்தம், ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர், மெல்லிய நூல் போதும். விட்டத்தை இரண்டு இடத்திலாவது அளக்க வேண்டும். கையால் வெட்டிய வட்டு முழு வட்டமாக இருக்காது. தடிமனை விளிம்பில் மட்டும் எடுங்கள்.

காந்தம் ஒட்டினால் இரும்பு, எஃகு அல்லது நிக்கல். ஒட்டாவிட்டால் அடர்த்தி பாருங்கள். டோக்கனை முதலில் காற்றில் எடை போடுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, டோக்கனை நூலில் கட்டி, அடியிலோ சுவரிலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி. காற்றில் 3.40, தண்ணீரில் 0.40 என்றால் 8.5. அது பித்தளை. பித்தளை ஏறத்தாழ 8.4 முதல் 8.7 வரை, செம்பு 8.96, துத்தநாகம் 7.1, ஈயம் 11.3, அலுமினியம் 2.7.

இதில் இரண்டு இடங்களில் சறுக்கும். ஒன்று, எழுத்துக்களின் இடுக்கில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் அடர்த்தி குறைவாக வரும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, ஈரத் தூரிகையால் குமிழியைத் தட்டிவிடுங்கள். மற்றொன்று, சிறிய டோக்கனில் தராசின் சிறு பிழையே பெரிதாகிவிடும். மேலே சொன்ன 0.40 என்பது 0.41 ஆனால் விடை 8.29, 0.39 ஆனால் 8.72. ஆகவே ஐந்து முறை எடுத்துச் சராசரி பாருங்கள். சோதனை முடிந்ததும் காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, பஞ்சுத் துணியில் ஒற்றி, நன்றாக உலர விடுங்கள். அட்டை டோக்கனுக்கும், வெளிறிய பச்சைப் பொடி பூத்த டோக்கனுக்கும் தண்ணீர்ச் சோதனை வேண்டாம்.

உலோகம் காலத்தையும் காட்டிக்கொடுக்கும். மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது 1886-இல். அது மலிவானது 1890-களில்தான். அதற்கு முன் அது விலையுயர்ந்த உலோகம். 1885 என்று பொறித்த அலுமினிய டோக்கன் கிடைத்தால் அது அந்தக் காலத்தில் அடித்ததல்ல.

அட்டைத் துண்டில் ரப்பர் முத்திரையும் கையெழுத்துமாக இருக்கும் சீட்டுகளுக்குப் புற ஊதா விளக்கு வையுங்கள். காகிதம் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. அந்த வழக்கம் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக்குப் பிறகுதான் பரவியது. கையெழுத்து பால்பாயின்ட் பேனாவில் என்றால் அதுவும் அப்படியே.

படி 4: போலியைப் பிரித்தல்

போலிகளில் பெரும்பாலானவை வார்ப்பு. அசலை அச்சாக வைத்து மணலிலோ ரப்பரிலோ பதிவெடுத்து உருக்கி ஊற்றுவது. எழுத்தின் ஓரம் சோப்புக்கட்டி போல மழுங்கி இருக்கும். எழுத்தில்லாத வெற்றுப் பகுதியில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி அரத்தால் ராவிய கோடு இருக்கும். அச்சில் அடித்ததில், உலோகம் எழுத்துக்குள் பாய்ந்த தடம் விளிம்பை நோக்கி மெல்லிய கோடுகளாக ஓடும்.

உறுதியான சாட்சி ஒன்று உண்டு. இரண்டு டோக்கன்களில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால், குறைந்தது ஒன்று வார்ப்பு. புழக்கத்தில் விழும் கீறல் இரண்டில் ஒன்றுபோல விழாது. அச்சிலேயே ஏற்பட்ட விரிசல் மட்டும் எல்லாப் பிரதியிலும் வரும். அது மேடாகத் தெரியும், கீறல் பள்ளமாகத் தெரியும். இந்த வேறுபாட்டுக்குக் கண்ணைப் பழக்குங்கள்.

துளையையும் பாருங்கள். செய்யும்போதே போட்ட துளையின் உள்விளிம்பு, டோக்கனின் மற்ற பகுதியைப் போலவே நிறம் மங்கி இருக்கும். பின்னாளில் சங்கிலியில் கோக்கப் போட்டதாக இருந்தால் துளை எழுத்தை வெட்டிக்கொண்டு போயிருக்கும், உள்ளே உலோகம் பளபளக்கும்.

படி 5: தேய்க்காதீர்கள்

நம் வீட்டில் பித்தளை என்றாலே கை புளிக்குத்தான் போகும். குத்துவிளக்குக்கு அது சரி. டோக்கனுக்கு அது கேடு. புளியின் அமிலம் மேற்பரப்பிலிருந்து துத்தநாகத்தை இழுத்துவிடும், செம்பு மட்டும் மிஞ்சி இளஞ்சிவப்புத் திட்டு விழும். எலுமிச்சை, வினிகர், பித்தளை பாலிஷ் எல்லாம் இதே கதைதான். நூறு ஆண்டுக்கு மேல் படிந்த பழுப்பு போனால் திரும்பி வராது. தேய்த்த டோக்கனில் அச்சின் நுண்கோடுகளும் போய்விடும். அதற்குப் பிறகு வார்ப்பா அடிப்பா என்று சொல்வதே கடினம்.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, மூங்கில் பல்குத்தியால் மெல்ல நெம்புங்கள். பிசுபிசுப்பு இருந்தால் சுத்தமான அசிட்டோன், ஜன்னலைத் திறந்துவைத்து, நெருப்பு அருகில் இல்லாமல். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் எண்ணெயும் சாயமும் கலந்திருக்கும், அது வேண்டாம். பிளாஸ்டிக் டோக்கனில் அசிட்டோன் பட்டால் கரைந்துவிடும்.

களிம்பில் இரண்டு வகை. கெட்டியான, இருண்ட பச்சை அப்படியே இருக்கட்டும். வெளிறிய பச்சையில் பொடியாக உதிர்ந்து, துடைத்தாலும் சில வாரத்தில் திரும்பப் பூப்பது உப்பால் வரும் அரிப்பு. அதைத் தனியாகப் பிரித்து வையுங்கள், உலர்ந்த சிலிகா ஜெல்லோடு. சென்னை, நாகை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இதை அலட்சியம் செய்யக் கூடாது. உறையைப் பொறுத்தவரை, புது ரெயின்கோட் வாசனை அடிக்கும் மெத்தென்ற பிவிசி உறையில் போட்டால் சில ஆண்டுகளில் டோக்கன்மேல் பச்சைப் பிசின் படியும். மைலார் அல்லது பாலிபுரோப்பிலீன் உறை வாங்குங்கள். ரப்பர் பேண்ட் அருகில் வரக் கூடாது, அதில் கந்தகம் உண்டு.

படி 6: எழுதி வையுங்கள், பிறகு வாங்குங்கள்

ஒவ்வொரு டோக்கனுக்கும் ஓர் அட்டை. அதில் பார்த்ததையும் ஊகித்ததையும் கலக்கக் கூடாது. ஓர் அட்டை இப்படி இருக்கலாம்:

முன்பக்கம்: எபிரேயம், இரண்டு வரி, ஆண்டு எழுத்து நான்கு, கடைசி ஹே (இடைவெளி தெரிகிறது). பின்பக்கம்: ½, அலகு இல்லை. பித்தளை, அடர்த்தி 8.5 (5 முறை). விட்டம், தடிமன், எடை. துளை இல்லை. அச்சுத் திசை: 12 மணி. கிடைத்த இடம், நாள், விற்றவர் சொன்னது. ஊகம்: தனிவரியில், பென்சிலில்.

அச்சுத் திசை என்பது முன்பக்கத்தை நிமிர்த்தி வைத்து, இடவலமாகப் புரட்டினால் பின்பக்கத்தின் தலை எங்கே நிற்கிறது என்பது. நேராக நின்றால் 12 மணி, தலைகீழாக இருந்தால் 6 மணி. ஒரே வெளியீட்டின் டோக்கன்களை ஒப்பிடும்போது இது மிகவும் கைகொடுக்கும்.

விற்பவரிடம் இரண்டு பக்கமும், விளிம்பும், அளவுகோலோடு எடுத்த படம் கேளுங்கள். எபிரேயத்தில் "ஹெத்தேக்" என்று எங்காவது சின்னதாகப் பொறித்திருந்தால் அதற்கு நகல் என்று பொருள், நேர்மையாகச் செய்த நினைவுப்பொருள். இஸ்ரேலின் 1978 தொல்பொருள் சட்டம் பொதுவாக 1700-க்கு முன் செய்தவற்றைத்தான் தொல்பொருளாகக் கொள்கிறது, ஆகவே 1880-களின் டோக்கன் அந்த வரையறைக்குள் தானாக வராது. இந்தியாவில் நிலை வேறு. 1972 சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத காசு தொல்பொருள் என்ற வரையறைக்குள் வருவதால், இங்கே வந்துசேர்ந்ததைத் திரும்ப வெளிநாட்டுக்கு விற்க நினைத்தால் சிக்கல் வரும். வாங்கிய ரசீதை அட்டையோடு சேர்த்தே வையுங்கள்.

அசலைக் கண்ணால் பார்க்க டெல் அவிவில் எரெத்ஸ் இஸ்ரேல் அருங்காட்சியகத்தின் காத்மான் நாணயக்கூடமும், சிக்ரோன் யாக்கோவில் முதல் குடியேற்ற அருங்காட்சியகமும் இருக்கின்றன. போக முடியாதவர்களுக்கு இஸ்ரேல் தேசிய நூலகத்தின் பழைய எபிரேயச் செய்தித்தாள் தொகுப்பு இணையத்தில் இலவசம். ஊர்ப்பெயரை எபிரேய எழுத்தில் தட்டித் தேடுங்கள், டோக்கனில் உள்ள ஆண்டுக்கு முன்பின் இரண்டு ஆண்டு என்று எல்லை வையுங்கள். சிக்ரோன் யாக்கோவுக்குச் சம்மாரின் என்றும் தனியாக ஒருமுறை தேடுங்கள், பழைய பெயரில்தான் பல செய்திகள் கிடக்கும். எதுவும் அகப்படவில்லை என்றால் அட்டையில் "வெளியிட்டவர் தெரியவில்லை" என்று பேனாவால் எழுதி, தேடிய சொற்களையும் தேடிய நாளையும் கீழே குறித்துவையுங்கள்.